காதைக் கொடுத்த வேடர்கள்

எங்க ஊர்ல ரெண்டு சத்தம் உண்டு. பகல்ல தறி. ராத்திரியில காட்டுப்பன்னி விரட்டுற வெடி. ரெண்டுக்கும் நடுவுல கொஞ்ச நேரம் அமைதி இருக்கும்னு பட்டணத்து நண்பர்கள் நினைக்கறாங்க. அந்த நேரத்துலயும் என் இடது காதுல குய்ங்னு ஒரு சத்தம் ஓடிக்கிட்டே இருக்கு. ரெண்டு வருஷமா இருக்கு.

போன ஐப்பசியில காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட போனேன். கண்ணாடி அறைக்குள்ள உட்கார வச்சு, காதுல ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னாங்க. வெளியே வந்ததும் ஒரு தாளைக் காட்டினார். கோடு நேராப் போய், 4,000 ஹெர்ட்ஸ் கிட்ட கிணத்துக்குள்ள விழுந்த மாதிரி இறங்கி, மறுபடி மேலே ஏறியிருந்தது. டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "துப்பாக்கி சுடுவீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. "வேர்க்கடலை போடறவங்க சார்"னேன். அப்புறம்தான் பிவிசி பைப் விஷயத்தைச் சொன்னேன். அன்னைக்குக் கிளம்பின தேடல்தான் இந்தக் கட்டுரை.

வேடன் ஊர்

ஆர்.கே.பேட்டைன்னா ராமகிருஷ்ணராஜுப்பேட்டை. கிழக்கே திருத்தணி, தெற்கே சோளிங்கர், வடக்கே பள்ளிப்பட்டைத் தாண்டினா ஆந்திரா. 1960 ஏப்ரல் 1 வரைக்கும் நாங்களே ஆந்திராதான். ம.பொ.சி. போராட்டத்துக்கு அப்புறம் எல்லையைத் திருத்தினப்பதான் திருத்தணியோட சேர்ந்து இந்தப் பக்கம் வந்தோம். அதனாலதான் இன்னைக்கும் எங்க வீட்டுல அப்பாவுக்கு நைனான்னு பேரு.

இது வேடருங்க பூமி. வடக்கே காளத்தியில கண்ணப்பர். மேற்கே வள்ளிமலையில நம்பிராஜன்கிற வேடர் தலைவன் வளர்த்த மக வள்ளி. தினைக் கொல்லையில பரண் மேல ஏறி, ஆலோலம் பாடி, கவண் கல் விட்டுக் கிளி ஓட்டினவ. அவளைத் தேடி முருகன் முதல்ல வந்தது வேடன் வேஷத்துலதான். கல்யாணம் முடிஞ்சு வந்து தங்கின மலை திருத்தணி. படியேறுற பக்தர் எல்லாருக்கும் இந்தக் கதை தெரியும். ஆனா ஒரு விவசாயியா நான் பார்க்கிறது வேற. வள்ளி செஞ்ச வேலையைத்தான் நானும் செய்யறேன். பயிர்க் காவல்.

அந்த வேலைக்குப் பழைய காலத்துல இருந்த கருவிகளைப் பாருங்க. கபிலர் பாடின குறிஞ்சிப்பாட்டுல தழல், தட்டை, குளிர்னு கிளி ஓட்டுற கருவிங்க பேரே வருது. மூங்கில்ல செஞ்சு கையால அடிக்கிறது, சுத்துறது. எல்லாமே சத்தம் போடுறதுதான். ஆனா எதுவும் காதைக் கெடுக்கிற சத்தம் இல்ல. கவண்ல கல் போகும்போது வர்ற சத்தம் ஒரு விர்ருதான். காவக்காரங்களுக்கு ஆயுதத்தை விடக் காது முக்கியம். இருட்டுல எந்த மூலையில செடி அசையுதுன்னு கண்ணு சொல்லாது, காதுதான் சொல்லும்.

மருந்து வந்த பிறகுதான் கதை மாறுது. கரி, கந்தகம், வெடியுப்பு மூணையும் குழாய் வாயில போட்டுக் கெட்டிச்சு, மேல ரவை போட்டுச் சுடற நாட்டுத் துப்பாக்கி. 1878ல வெள்ளைக்காரன் ஆயுதச் சட்டம் போட்டு, லைசென்ஸ் இல்லாம யாரும் துப்பாக்கி வச்சிருக்கக் கூடாதுன்னான். சுதந்திரத்துக்கு அப்புறம் வந்த 1959 சட்டத்துலயும், நிஜமாவே பயிர்க் காவலுக்குன்னா வாய் வழியா மருந்து கெட்டிக்கிற துப்பாக்கிக்கு லைசென்ஸ் கொடுக்கலாம்னு தனியா ஒரு வரி இருக்கு. அதாவது சட்டமே ஒத்துக்கிட்டது, விவசாயிக்குச் சத்தம் தேவைன்னு.

நான் சின்னப் பையனா இருந்தப்ப குருவிக்காரங்க வருவாங்க. நரிக்குறவர்னு நீங்க சொல்றவங்க. தோள்ல நீளத் துப்பாக்கி, இடுப்புல மருந்துப் பை. அதுல ஒரு பெரியவர்கிட்ட நைனா பேசணும்னா பக்கத்துல போய்க் கத்துவார். "தாத்தாவுக்கு இன்னா காது கேக்காதா?"ன்னு கேட்டேன். "வயசாயிடுச்சு"ன்னார் நைனா. இப்ப யோசிச்சா அவருக்கு அப்ப அம்பது வயசு கூட இருக்காது. 1972ல வன உயிர் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் அவங்க வேட்டைப் பிழைப்பு குற்றமாயிடுச்சு. ஊசி மணி, பாசி மணிதான் மிச்சம். பழங்குடிப் பட்டியல்ல அவங்களைச் சேர்க்கிற சட்டம் 2023லதான் வந்தது. நிலம், படிப்பு, பட்டான்னு அவங்க இழந்ததைப் பத்திக் கொஞ்சமாவது எழுதியிருக்காங்க. அவங்க காதைப் பத்தி நான் எங்கேயும் படிக்கல.

கண்ணைக் கொடுத்த வேடனைக் கும்பிடறோம். காதைக் கொடுத்த வேடருங்க எத்தனை பேரோ!

கார்பெட்டோட காது

காதைக் கொடுத்த வேட்டைக்காரன் ஒருத்தர் கதை மட்டும் நல்லா பதிவாகியிருக்கு. ஜிம் கார்பெட். குமாவுன் ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்டவர்.

1929ல இமயமலை அடிவாரத்துல ஒரு வேட்டைக் கூட்டத்துல போறார். கூட இருந்தவங்களோட கனமான ரைபிள் ஒண்ணு அவர் காதுக்குப் பக்கத்துலயே வெடிச்சுடுது. செவிப்பறை கிழிஞ்சது. உள்ளே சீழ் கட்டி, தலையே வீங்கிப்போச்சு. அந்த வலியோடதான் தல்லா தேஸ் பகுதியில ஆட்களைத் தின்னுகிட்டிருந்த புலியைத் தேடிப் போறார். ராத்திரியில, தனியா, ஒரு காது வேலை செய்யாம. கடைசியில கட்டி தானா உடைஞ்சு வலி குறையுது, புலியும் கிடைக்குது. ரொம்ப வருஷம் கழிச்சு, 1954ல வந்த புத்தகத்துலதான் இதை எழுதினார்.

அவரைப் படிச்சவங்களுக்குத் தெரியும், அவர் காட்டைப் படிச்சது பாதி காதாலதான். கேளையாடு கத்தறது, லங்கூர் குரல், காஞ்ச சருகு நொறுங்கறது. வேட்டைக்காரனோட சிக்கல் இதுதான். சுடறதுக்கு முந்தின ஒரு மணி நேரம் காது முழுசா வேணும். சுடற அந்த ஒரு நொடி காது மூடியிருக்கணும். பஞ்சை அடைச்சுக்கிட்டா பன்னி வர்றது தெரியாது. அடைக்கலன்னா காது போகும். நூறு வருஷமா பெரும்பாலானவங்க காது போனா போகட்டும்னுதான் இருந்தாங்க.

அடைப்பான் வந்த வழி

சத்தம் காதைக் கெடுக்கும்னு எப்பவோ தெரியும். 1700களோட தொடக்கத்துலயே ராமசினிங்கிற இத்தாலி டாக்டர், வெனிஸ்ல செம்பு தட்டற கன்னாருங்க செவிடாப் போறதை எழுதி வச்சார். 1886ல கிளாஸ்கோவுல தாமஸ் பார்ங்கிற டாக்டர், கொதிகலன் செய்யற 100 பேரையும், தபால்காரங்க 100 பேரையும் சோதிச்சு ஒப்பிட்டார். கொதிகலன்காரங்கள்ல முக்கால்வாசிப் பேருக்குக் கூட்டத்துல பேசறது சரியாக் கேட்கல.

அடைப்பான் சரித்திரமும் அதே காலம்தான். 1900களோட தொடக்கத்துல பெர்லின்ல மாக்ஸ் நெக்வர்னு ஒரு மருந்துக்கடைக்காரர் மெழுகையும் பஞ்சையும் சேர்த்து உருண்டை செஞ்சு ஓரோபாக்ஸ்னு வித்தார். கிரேக்கக் கதையில கடல் மோகினிங்க பாட்டுக் கேட்காம இருக்க மாலுமிங்க காதுல மெழுகு அடைச்சதுதான் அவருக்கு யோசனை கொடுத்ததாம். முதல் உலகப் போர்ல மல்லாக்-ஆம்ஸ்ட்ராங் அடைப்பான் வந்தது. அதுக்குள்ள ஒரு மெல்லிய சவ்வு. பேச்சு உள்ளே போகணும், பீரங்கி வெடிப்பு போகக்கூடாதுன்னு ஆசைப்பட்டுச் செஞ்சது. இன்னைக்கு எலக்ட்ரானிக் அடைப்பான் செய்யற வேலைக்கு அன்னைக்கே போட்ட முதல் முயற்சி அது. அப்புறம் 1970களில் விரலால உருட்டி உள்ளே விட்டா தானா விரியற ஸ்பாஞ்ச் அடைப்பான் வந்தது. மலிவு விலையில உலகத்துலயே அதிகமா காதைக் காப்பாத்தினது அந்த ஸ்பாஞ்ச்தான்னு சொல்லலாம்.

பகல் சத்தம்

இதெல்லாம் வெள்ளைக்காரன் கதை, நமக்கு என்னன்னு கேட்பீங்க. எங்க தெருவுக்கு வாங்க. ஒரு ஷெட்ல பத்து தறி ஓடினா சத்தம் நூறு டெசிபலை ஒட்டி இருக்கும். டெசிபல் கணக்கு சாதாரணக் கூட்டல் இல்ல. மூணு டெசிபல் ஏறினா சத்தத்தோட சக்தி ரெண்டு மடங்கு. 85ல எட்டு மணி நேரம் இருக்கலாம்னா, 88ல நாலு மணி நேரம்தான், 100ல கால் மணி நேரம்தான். நம்ம தொழிற்சாலை விதி எட்டு மணி நேரத்துக்கு 90 வரைக்கும் விடுது. என் மாமா முப்பது வருஷமா நூறுல பன்னெண்டு மணி நேரம் நிக்கறார். சத்தத்தால காது கெடறது தொழில் நோய்ப் பட்டியல்லயே இருக்கு. ஆனா நாலு தறி, எட்டு தறி போட்ட வீட்டு ஷெட்டுக்குள்ள எந்த விதி வந்து நிக்கும்?

எங்க தெருவுல பாதிப் பேர் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிஞ்சுக்கறாங்க. கல்யாணத்துக்கு வர்ற சென்னை சொந்தக்காரங்க, "ஏன் உங்க ஊர்ல எல்லாரும் சண்டை போடற மாதிரி பேசறீங்க?"ன்னு கேட்பாங்க. சண்டை இல்லீங்க. கேட்கல, அவ்வளவுதான்.

என் தப்பு

இப்ப என் கதை. மலையோரக் கொல்லையில வேர்க்கடலை காய் பிடிக்கிற நேரம் பன்னி இறங்கும். ஒரு ராத்திரியில அரை ஏக்கரை ஏர் ஓட்டின மாதிரி புரட்டிடும். அதைச் சுட எனக்கு உரிமை இல்ல. 2025 ஜனவரியில தமிழ்நாடு அரசு, காப்புக் காட்டு எல்லையில இருந்து மூணு கிலோமீட்டர் தாண்டி வர்ற பன்னியை வனத்துறை ஆளுங்களே சுடலாம்னு அறிவிச்சது. மூணு கிலோமீட்டருக்குள்ள சுடக்கூடாது. என் கொல்லை காட்டை ஒட்டியே இருக்கு. அவுட்டுக்காய் வைக்கிறது சட்டத்துக்கும் விரோதம், மனசாட்சிக்கும் விரோதம். பன்னிக்கு வச்சதைக் கடிச்சு யானையே செத்திருக்கு.

அதனால நானும் என் தங்கச்சி மகனும் பைப் துப்பாக்கிக்கு வந்தோம். பிவிசி குழாய், உள்ளே கார்பைட் கல்லு, கொஞ்சம் தண்ணி, பின்னாடி கேஸ் லைட்டர். அசிட்டிலீன் கேஸ் சேர்ந்ததும் ஒரு சொடுக்கு. மலை அதிரும். பன்னி ஓடும். ரெண்டு பருவம் அப்படியே ஓட்டினோம். ஒவ்வொரு வெடிக்கும் அப்புறம் பத்து நிமிஷம் காது அடைச்சுக்கும், மறுபடி திறந்துக்கும். "பழகிடும்"னு அவனுக்குச் சொன்னது நான்தான்.

காது பழகறதே இல்ல. டாக்டர் சொன்னார்: உள்காதுல மயிரிழை மாதிரி செல்லுங்க இருக்கு, அது செத்தா மறுபடி முளைக்காது. தறிச் சத்தம் அதை மெதுவாத் தேய்க்கும். வெடிச் சத்தம் ஒரே அடியில பிய்க்கும். வெடிக்கு உச்ச அளவு 140 டெசிபல்னு எல்லை வச்சிருக்காங்க. வேட்டைத் துப்பாக்கி சாதாரணமா 150, 160ஐ எட்டும். துப்பாக்கியை வலது தோள்ல வச்சுச் சுடறவனுக்கு இடது காதுதான் முதல்ல போகும். வலது காதைத் தலையோட நிழல் கொஞ்சம் காப்பாத்தும், இடது காது குழாய் வாயைப் பார்த்து நிக்கும். நான் பைப்பை வச்சதும் வலது தோள்லதான்.

அதே 2025 தீபாவளியில மத்தியப் பிரதேசத்துல இந்தக் கார்பைட் துப்பாக்கியால நூத்துக்கு மேல பேருக்கு, பெரும்பாலும் பிள்ளைங்களுக்கு, கண்ணுல காயம்னு செய்தி வந்தது. அன்னைக்குத்தான் தங்கச்சி என்கிட்ட சரியாப் பேசாம போனா.

ஒரு ராத்திரி இரவல் காது

சென்னையில துப்பாக்கி சுடற கிளப்புக்குப் போற நண்பர் ஒருத்தர், தன்னோட எலக்ட்ரானிக் அடைப்பானை ஒரு வாரத்துக்கு இரவல் கொடுத்தார். காதுக்குள்ளயே போற சின்ன வகை. அது எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லிடறேன். வாங்கற எண்ணம் இருக்கிறவங்களுக்கு உதவும்.

வெளிப்பக்கம் மைக், உள்பக்கம் ஸ்பீக்கர், நடுவுல ஒரு சிப். சின்னச் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும். ஏறக்குறைய 85 டெசிபலைத் தாண்டினா உடனே அமுக்கிடும். ஆனா ஒண்ணு கவனிக்கணும். காதைக் காப்பாத்தறது சிப் இல்ல, காதுத் துளையை இறுக்கி மூடற ஸ்பாஞ்ச் இல்லன்னா ரப்பர் நுனிதான். சிப் செய்யறது, மூடின காதுக்குக் கேட்க வழி பண்றது மட்டும். நுனி லூசா இருந்தா எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கினாலும் வீண்.

மூடல் எவ்வளவு முக்கியம்னு அமெரிக்க ராணுவ வீரருங்களைக் கேட்கணும். ராணுவத்துக்குக் கொடுத்த ஒரு அடைப்பான் காதுல சரியா உட்காரல, அதனால கேள்வித்திறன் போச்சுன்னு லட்சக்கணக்கான பேர் வழக்குப் போட்டாங்க. 3எம் கம்பெனி தப்பை ஒத்துக்காமலே, 2023ல 600 கோடி டாலர் அளவுக்குக் கொடுத்து முடிக்கச் சம்மதிச்சது. அது எலக்ட்ரானிக் இல்ல, சாதாரண வகைதான். பாடம் ஒண்ணுதான்.

அட்டைப்பெட்டியில என்ஆர்ஆர்னு ஒரு எண் போட்டிருப்பாங்க. அதை அப்படியே நம்பாதீங்க. அதுல ஏழைக் கழிச்சு, மிச்சத்தைப் பாதியாக்கறதுதான் அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை சொல்ற கணக்கு. 29ன்னு போட்டிருந்தா கைக்கு வர்றது 11. துப்பாக்கிக்கு அது பத்தாது, அதனால உள்ளே ஸ்பாஞ்சும் மேலே காதுமூடியும் ரெண்டும் போடச் சொல்றாங்க. ரெண்டையும் கூட்டக் கூடாது, பெரிய எண்ணோட அஞ்சு சேர்த்துக்கிட்டா போதும். ராத்திரி வியர்வையில காதுமூடி நழுவும், கண்ணாடிக் கம்பி இருந்தா இடுக்கு விழும். அந்த இடத்துல உள்ளே போற வகை மேல். காதுல சீழ் வடியறவங்க உள்ளே எதையும் விடவே கூடாது. முதல்ல டாக்டர்.

சரி, அந்த ராத்திரிக்கு வர்றேன். பரண் மேல ஏறி அடைப்பானை மாட்டி, ஒலியைக் கூட்டினேன். சுவர்க்கோழிச் சத்தம் கேட்டது. நான் அதைக் கேட்டு ரெண்டு வருஷம் ஆச்சுன்னு அப்பதான் உறைச்சது. பூச்சிங்க எல்லாம் குறைஞ்சு போச்சு, மருந்தடிச்சுக் கொன்னுட்டோம்னு இந்த வலைப்பூவிலேயே எழுதியிருந்தேன், ஞாபகம் இருக்கா? அது குறையல, என் காதுதான் குறைஞ்சிருக்கு. வாசகருங்க மன்னிக்கணும்.

ஒரு மணிக்குக் காத்து கிளம்பினதும் மைக்ல ஓன்னு இரைஞ்சது, ஒலியைக் குறைக்க வேண்டியதாப் போச்சு. அப்புறம் சருகு நொறுங்கற சத்தம். முன்னாடியா பின்னாடியான்னு பிடிபடல. காதுமடலோட வளைவுதான் திசையைச் சொல்லுது, மைக்குக்கு அந்த வளைவு இல்ல. டார்ச்சை முன்னால அடிச்சேன், பன்னி பின்னால நின்னது. இருந்தாலும் வந்தது தெரிஞ்சதே! வெறும் காதோட இருந்திருந்தா அதுவும் தெரிஞ்சிருக்காது.

கடைசியா என்ன செஞ்சேன்

வாங்கணுமா வேண்டாமான்னு நாலு நாள் யோசிச்சேன். லைசென்ஸோட சுடறவங்க, கிளப்புக்குப் போறவங்க, காட்டுக்குள்ள துப்பாக்கி தூக்கற வனத்துறை ஆளுங்க, இவங்களுக்கு அது அவசியம்னு நினைக்கறேன். எனக்கு இல்ல. நான் அதை வாங்கினா, பைப் வெடிக்கிறதைத் தொடரச் சாக்குத் தேடறேன்னு அர்த்தம். கெட்டது மறைஞ்சு போச்சுன்னும் தோணும். அது கேள்விக் கருவியும் இல்ல, மருந்தும் இல்ல. இரவலைத் திருப்பிக் கொடுத்துட்டேன்.

அதுக்குப் பதிலா ஸ்பாஞ்ச் அடைப்பான் ஒரு பெட்டி வாங்கி மாமா ஷெட்ல வச்சேன். ஜோடி சில ரூபாய்தான். உருட்டி, எதிர்க் கையால காதை மேலயும் பின்னாலயும் இழுத்து, உள்ளே விட்டு, அரை நிமிஷம் விரலால பிடிக்கணும். நம்ம குரலே குடத்துக்குள்ள பேசற மாதிரி கேட்டா சரியா உட்கார்ந்திருக்குன்னு அர்த்தம். முதல் நாள் மாமா, "நூல் அறுந்தா சத்தம் மாறும்டா, இதைப் போட்டா எப்படித் தெரியும்?"ன்னார். ஒரு வாரம் கழிச்சு, "தறிச் சத்தம் தனியாக் கேக்குது, தலைவலி இல்ல"ன்னார். இப்ப கூட நிக்கற பசங்களையும் போடச் சொல்றார்.

கொல்லையைச் சுத்தி நாலு பக்கமும் பழைய சேலை கட்டியிருக்கோம். தறி ஊர்ல அதுக்குப் பஞ்சமா? தகர டப்பா கயிறு ஒண்ணு, டார்ச் ரெண்டு. வள்ளி காலத்துக்குத் திரும்பிட்டோம்னு தங்கச்சி கிண்டல் பண்றா. பேச ஆரம்பிச்சுட்டா, அது போதும். பன்னி வரலையான்னு கேட்டா, வருது. இந்தப் பருவம் ஏழு சென்ட் போச்சு.

தங்கச்சி மகனையும் கூட்டிட்டுப் போய் அந்தக் கண்ணாடி அறையில உட்கார வச்சேன். பத்தொன்பது வயசு. அவன் தாள்லயும் அந்தக் கிணறு தோண்ட ஆரம்பிச்சிருக்கு, ஆழம் கம்மி. இப்பவே நிறுத்தினா இந்த அளவுல நிக்கும்னார் டாக்டர். வெளியே வந்ததும் பைப்பை உடைச்சுக் குப்பையில போட்டான்.

அன்னைக்கு ராத்திரி பரண்ல என் பக்கத்துல உட்கார்ந்துகிட்டு, "மாமா, வரப்போரம் ஏதோ நடக்குது, கேக்குதா?"ன்னான்.

எனக்குக் கேட்கல. டார்ச்சை அவன்கிட்ட கொடுத்துட்டேன்.